வேலைப் பயணத்தில் மடிக்கணினியும் கைப்பேசியும்: டர்பனிலிருந்து எல்லை கடப்பவருக்கு ஒரு விரிவான பதில்

எண்ணெய், தண்ணீர்க் குழாய்களின் தடிமனையும் வெல்டிங் இணைப்புகளையும் அல்ட்ராசோனிக் கருவியால் சோதித்துச் சான்று வழங்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடத்தும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் சாலை வழியாக மொசாம்பிக் தலைநகர் மபூட்டோ, பிறகு துபாய் வழியாகச் சென்னை, ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவின் ஹூஸ்டன் என்று மூன்று பயணங்கள் அவருக்கு முன்னால் இருக்கின்றன. கையில் இரண்டு மடிக்கணினிகள், இரண்டு கைப்பேசிகள், வாடிக்கையாளர்களின் அறிக்கைகள் நிறைந்த ஒரு வெளி வட்டு, சோதனைக் கருவி, மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பெரிய பவர் பேங்க் ஒன்று. இவற்றில் எதை எங்கே அறிவிக்க வேண்டும், அதிகாரி கைப்பேசியைத் திறக்கச் சொன்னால் மறுக்க முடியுமா, வாடிக்கையாளரின் கோப்புகளுக்கு யார் பொறுப்பு என்பவை அவருடைய கேள்விகள். போகிற போக்கில், டர்பனை ஒட்டிய பீனிக்ஸில் இருக்கும் சித்தி மகனுக்குச் சென்னையிலிருந்து ஒரு புது மடிக்கணினி வாங்கி வரலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

சரக்குகளையும் பயணிகளின் பொருள்களையும் சுங்கத்தில் விடுவித்துத் தரும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் என் அனுபவத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் அஞ்சுவது அயல்நாட்டு அதிகாரி தம் கைப்பேசியைக் குடைவாரோ என்பதைப் பற்றி. ஆனால் நம் ஊரிலிருந்து போகிறவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பொருளைப் பற்றிய சாதாரணக் கேள்வியில், அதுவும் திரும்பி வரும்போது, நம் சொந்த விமான நிலையத்திலேயே. ஆகவே பொருளைப் பற்றி முதலிலும், அதற்குள் இருக்கும் தகவலைப் பற்றிப் பிறகும் எழுதுகிறேன். இரண்டும் வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்டவை. கேட்கிற அதிகாரியும் பல இடங்களில் வேறு. தென்னாப்பிரிக்காவில் 2023 ஏப்ரல் முதல் எல்லை மேலாண்மை ஆணையம் குடிவரவைப் பார்த்துக்கொள்கிறது. சுங்கம் மட்டும் முன்போலவே வருவாய்த் துறையான சார்ஸிடம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறவரிடம் மடிக்கணினியைப் பற்றிக் கேட்டு, "பிரச்சினை இல்லை" என்று அவர் சொன்ன பதிலை நம்பிப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பதிலுக்குச் சுங்க மேசையில் எந்த மதிப்பும் இல்லை.

நாட்டை விட்டு வெளியேறும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: விலையுயர்ந்த பொருள்கள் உங்களிடம் ஏற்கெனவே இருந்தவை, வெளிநாட்டில் வாங்கியவை அல்ல என்பதற்குச் சுங்கத்தின் முத்திரையோடு ஒரு பதிவை வாங்கிக்கொள்வது. திரும்பக் கொண்டு வரும் நோக்கத்தோடு எடுத்துச் செல்லும் பொருள்களுக்கான இந்தப் பதிவைப் பழகியவர்கள் இன்னும் டி.ஏ. 65 என்றே சொல்கிறார்கள், பல ஆண்டுகள் அந்த எண் கொண்ட படிவத்தில்தான் அது நடந்தது. பயணிகளுக்கான மின்னணு அறிவிப்பு முறையைச் சார்ஸ் 2022 இறுதியில் சோதனை ஓட்டமாகத் தொடங்கியதும் டர்பனில் நம் கிங் ஷாக்கா விமான நிலையத்தில்தான். எந்த வழியில் பதிந்தாலும் பொருளும் அதன் சீரியல் எண்ணும் அதிகாரியின் கண்முன்னே ஒத்துப்போக வேண்டும். எனவே கருவிப் பெட்டியைச் செக்-இன் செய்துவிட்டுப் பிறகு சுங்க மேசைக்குப் போவதில் பொருளில்லை. டர்பனில் ஏறி ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் மாறுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், பெட்டி நேராகத் துபாய்க்கு என்று ஒட்டப்பட்டுவிட்டால் ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் அது உங்கள் கைக்கு வராது.

சீரியல் எண் என்று சொல்வது எளிது, மேசையில் அது நடக்கும் விதமோ வேறு. அதிகாரி மடிக்கணினியைக் கவிழ்த்துப் பார்ப்பார். மூன்று ஆண்டுகள் மடியிலும் மேசையிலும் சூடேறித் தேய்ந்த அந்தச் சிறிய ஸ்டிக்கரில் எட்டா மூன்றா என்று தெரியாத எண்கள் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், பிறகு உங்களைப் பார்ப்பார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், வீட்டிலேயே ஒவ்வொரு சாதனத்தின் அமைப்புப் பகுதியையும் திறந்து அங்கே காட்டும் எண்ணைப் படம் எடுத்து, வாங்கிய பில்லோடு சேர்த்துத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் அதன் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் வந்துவிடும். உங்கள் சோதனைக் கருவிக்கு இன்னும் நல்ல ஆதாரம் ஒன்று உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. கருவி சரியாக அளக்கிறது என்று ஆண்டுதோறும் எடுக்கும் கேலிபிரேஷன் சான்றிதழில் கருவியின் சீரியல் எண்ணும், சோதித்த தேதியும், உங்கள் நிறுவனத்தின் பெயரும் ஒரே தாளில் இருக்கும். பயணத்துக்கு முந்தைய தேதியிட்ட அந்தச் சான்று, தொலைந்துபோன பில்லைவிடப் பெறுமதியானது.

திரும்பி வரும்போது கணக்கு இப்படிப் போகும். தென்னாப்பிரிக்காவுக்குள் வரும் பயணி ஒருவர் தம்மோடு கொண்டு வரும் புதிய அல்லது பயன்படுத்திய பொருள்களில் மொத்தம் 5,000 ரேண்ட் வரை வரியில்லை. அதற்கு மேல் அடுத்த 20,000 ரேண்ட் வரையிலான மதிப்புக்கு ஒரே சீராக 20 விழுக்காடு வரி. அதையும் தாண்டினால் பொருளுக்குரிய வழக்கமான சுங்கமும் 15 விழுக்காடு வாட் வரியும். போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வாத்தினி ஆகிய சுங்க ஒன்றிய நாடுகளிலிருந்து வந்தால் வரியில்லா வரம்பு 25,000 ரேண்ட். வேலைப் பயணிகள் பலரும் அறியாத ஒன்று இதில் உண்டு: இந்தச் சலுகை முப்பது நாளில் ஒரு முறைதான், நாட்டுக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்து திரும்பியிருக்கவும் வேண்டும். காலையில் மபூட்டோ போய் ஒரு கூட்டத்தை முடித்துவிட்டு மறுநாள் திரும்புகிறவருக்கு அந்த 5,000 ரேண்டும் கிடையாது.

சித்தி மகனின் மடிக்கணினிக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் எவ்வளவு பேரம் பேசி வாங்கினாலும், நல்ல மடிக்கணினி ஒன்று 5,000 ரேண்டுக்குள் அடங்காது. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழையது போலப் பையில் செருகி, அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் எந்தக் கல்யாண வீட்டிலும் இருப்பார்கள். பழைய பொருளானாலும் அது வெளிநாட்டில் வாங்கியதென்றால் இந்த வரம்புக்குள்தான் வரும் என்பதோடு, அறிவிக்காமல் பிடிபட்டால் பொருள் பறிமுதல், அபராதம் என்று போகும். அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் பில்லைக் காட்டி வரியைக் கட்டிவிட்டு வந்தால் முடிந்தது. அந்த வரியையும் சேர்த்துப் பார்த்தால் டர்பனில் உத்தரவாதத்தோடு வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இராது என்பது என் கருத்து, ஆனால் அது உங்கள் குடும்ப விவகாரம்.

மபூட்டோ பயணத்தில் நிலைமை சற்று வேறு, ஏனென்றால் அங்கே நீங்கள் மடிக்கணினியோடு மட்டும் போகவில்லை, தொழிற்கருவியோடு போகிறீர்கள். பயணியின் சொந்த உபயோகப் பொருள் என்ற சலுகை கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் பொருந்துமே தவிர, பல்லாயிரம் ரேண்ட் பெறுமானமுள்ள சோதனைக் கருவிக்குப் பொருந்தும் என்று எந்த நாட்டிலும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தகைய கருவிகளுக்கென்றே ஏ.டி.ஏ. கார்னே என்ற பன்னாட்டு ஆவணம் இருக்கிறது. பொருளின் பாஸ்போர்ட் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். தென்னாப்பிரிக்கத் தொழில் வணிகப் பேரவையான சாச்சி அதை வழங்குகிறது. ஓராண்டு வரை செல்லும், போகிற நாட்டில் வரி கட்டாமல் கருவியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுபோய்த் திரும்ப எடுத்து வரலாம். ஒவ்வொரு எல்லையிலும் உரிய தாளில் முத்திரை விழ வேண்டும்; ஒரு முத்திரை விட்டுப்போனாலும் கருவி அந்த நாட்டிலேயே விற்கப்பட்டதாகக் கருதி வரிப் பாக்கி கார்னேவுக்காக நீங்கள் கொடுத்த பிணைத் தொகையிலிருந்து போகும். இந்தியாவும் அமெரிக்காவும் இந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. ஆனால் எல்லா நாடுகளும் இல்லை, இருக்கிற நாடுகளும் கண்காட்சிப் பொருள், வணிக மாதிரி, தொழிற்கருவி என்ற எல்லா வகைகளையும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. விண்ணப்பிக்கும் முன் நாட்டின் பெயரையும் கருவியின் வகையையும் சொல்லிச் சாச்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டர்பனிலிருந்து மபூட்டோவுக்கு 2018 நவம்பரில் மபூட்டோ விரிகுடாவின் கட்டெம்பே பாலம் திறந்த பிறகு கோசி பே எல்லை வழியாகப் போவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. பெரிய சரக்குப் போக்குவரத்தைப் பார்த்துப் பழகிய லெபோம்போ எல்லையோடு ஒப்பிட்டால் அது சுற்றுலாப் பயணிகளின் எல்லை. நீச்சல் உடையோடும் மீன்பிடி தூண்டிலோடும் வருகிறவர்களுக்கு நடுவே, ஒயர்களும் புரோபுகளும் நிறைந்த பெட்டி ஒன்று திறக்கப்பட்டால் கேள்விகள் வரும் என்பதில் வியப்பில்லை. கருவியோடு போகிறவருக்கு லெபோம்போவையே நான் பரிந்துரைப்பேன், சுற்றானாலும் பரவாயில்லை. எந்த வழியில் போனாலும், உங்களை அழைத்த மொசாம்பிக் நிறுவனத்திடமிருந்து போர்த்துகீசிய மொழியில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: என்ன வேலை, எத்தனை நாள், என்ன கருவி, என்ன சீரியல் எண், வேலை முடிந்ததும் கருவி திரும்பிவிடும் என்ற உறுதி. உள்ளே போகும்போது தற்காலிக இறக்குமதித் தாள் கொடுத்தால், வெளியே வரும்போது அதை ஒப்படைத்து முடித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

விமானத்தில் சட்டத்தைவிட பேட்டரிதான் முதலில் தடுக்கும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் நம் வீடுகளில் வாங்கிக் குவித்த பெரிய பவர் பேங்குகளும் கைப்பிடி வைத்த பவர் ஸ்டேஷன்களும் இப்போது பயணப் பைக்குள் ஏறப் பார்க்கின்றன. உலகெங்கும் விமான நிறுவனங்கள் கடைப்பிடிக்கும் விதி இது: லித்தியம் பேட்டரி 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டு போகலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது, 160-க்கு மேல் பயணியோடு போகவே கூடாது. உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் ஒருபோதும் இருக்கக் கூடாது. பவர் பேங்கில் மில்லி ஆம்பியர்-மணி மட்டும் எழுதியிருந்தால் அதை ஆயிரத்தால் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். 20,000 என்று இருந்தால் 74 வாட்-மணி, போகலாம். 30,000 என்று இருந்தால் 111, அனுமதி கேட்க வேண்டும். எழுத்து தேய்ந்து எண்ணே தெரியாவிட்டால் பாதுகாப்புச் சோதனையில் இருப்பவர் கணக்குப் போட மாட்டார், குப்பைக் கூடையைக் காட்டுவார்.

2025 ஜனவரியில் தென்கொரியாவின் புசானில் ஏர் பூசான் விமானம் தரையில் நின்றபடியே தீப்பிடித்து எரிந்த பிறகு பல நிறுவனங்கள் இதை இன்னும் இறுக்கிவிட்டன. டர்பனிலிருந்து நீங்கள் ஏறப்போகும் எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஒருவருக்கு ஒரு பவர் பேங்க் மட்டுமே, அதுவும் 100 வாட்-மணிக்குள் இருந்தால் மட்டுமே அனுமதிக்கிறது. விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் கூடாது, தலைக்கு மேல் உள்ள அலமாரியில் வைக்கவும் கூடாது. ஆகவே அந்தப் பெரிய பவர் பேங்க் வீட்டிலேயே இருக்கட்டும். கருவியோடு வரும், சோதிக்கும்போது குழாயின் மேல் பூசும் கப்ளண்ட் ஜெல்லும் திரவம்தான், 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டி கைப்பையில் போகாது. கருவியைக் கைப்பையில் பத்திரமாகக் கொண்டுபோய் ஜெல்லைச் சோதனையில் பறிகொடுத்துவிட்டு, போன ஊரில் மருந்துக் கடை தேடி ஸ்கேன் ஜெல் வாங்கி வேலையை முடித்த தொழில்நுட்பர்களை நான் அறிவேன்.

சென்னையைப் பொறுத்தவரை, இந்தியப் பயணப்பை விதிகளின்படி 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியை வரியின்றிக் கொண்டு வரலாம். ஒன்று என்பதைக் கவனியுங்கள். நீங்கள் இரண்டு வைத்திருக்கிறீர்கள். இரண்டாவது நிறுவனத்துக்குச் சொந்தமானது, வேலைக்காக வருகிறது, திரும்பிவிடும் என்ற கடிதம் இருந்தால் பேச ஓர் ஆதாரம் இருக்கும், இல்லாவிட்டால் அதிகாரி விரும்பினால் வரி கேட்கலாம். இதைவிடக் கடுமையான விஷயம், தொலைதூர வேலைத்தளங்களுக்குப் போகிறவர்கள் பையில் சாதாரணமாகக் கிடக்கும் சேட்டிலைட் போன். துரயா, இரிடியம் வகைத் தொலைபேசிகளை அரசின் முன் அனுமதியின்றி இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளுக்காகவும் வெளிநாட்டினர் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியை இந்தியா 2022 பிப்ரவரியில் தடை செய்தது. மின்சிகரெட் 2019 முதல் தடை. துபாயில் விமானம் மட்டும் மாறுகிறவருக்குச் சுங்கம் கிடையாது, கைப்பை மறுபடி எக்ஸ்ரேயில் போகும், அவ்வளவுதான். அங்கே வாட்ஸ்அப் அழைப்பு இணையாது என்பதை மட்டும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், கவலைப்படுவார்கள்.

இனி உள்ளடக்கம். எல்லையில் அதிகாரிக்கு இருக்கும் அதிகாரம் ஊருக்குள் போலீசாருக்கு இருக்கும் அதிகாரத்தைவிட அகலமானது என்பது ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டங்களிலும் காணப்படும் நிலை. அமெரிக்காவில் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு ஆணையின்படி, அதிகாரி கையால் புரட்டிப் பார்க்கும் சாதாரணச் சோதனைக்கு எந்தச் சந்தேகமும் தேவையில்லை. கருவியை இணைத்து உள்ளடக்கத்தை நகலெடுத்து ஆராயும் சோதனைக்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ, மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். சாதனத்தில் சேமிக்கப்பட்டிருப்பதை மட்டுமே பார்க்கலாம், கிளவுடில் இருப்பதைப் பார்க்கக் கூடாது. அதனால்தான் சோதனைக்கு முன் ஏர்பிளேன் மோடில் போடச் சொல்கிறார்கள். சாதனத்தைப் பிடித்து வைத்தால் வழக்கமாக ஐந்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், ஆனால் நீட்டிக்க இடமுண்டு. எண்ணிக்கையையும் பாருங்கள்: 2024 நிதியாண்டில் சோதிக்கப்பட்ட சாதனங்கள் சுமார் 47,000, அவற்றில் பத்தில் ஒன்பது சாதாரணச் சோதனை. வந்திறங்கிய பயணிகளில் ஏறத்தாழப் பத்தாயிரத்துக்கு ஒருவர். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை, ஆயத்தமின்றிப் போகும் அளவுக்கும் இல்லை.

பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, சந்தேகமே இல்லாமலும் ஒருவரை ஆறு மணி நேரம் வரை நிறுத்தி விசாரிக்கவும் கடவுச்சொல்லைக் கேட்கவும் அதிகாரம் தருகிறது. மறுப்பது மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். நியூசிலாந்தில் 2018 அக்டோபர் முதல், நியாயமான காரணமின்றிக் கடவுச்சொல் தர மறுத்தால் 5,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம். சீனாவில் 2024 ஜூலையிலிருந்து அமலுக்கு வந்த விதிகள் தேசப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு மின்னணுச் சாதனங்களைச் சோதிக்கும் அதிகாரத்தை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. அங்கே போகும் வேலை வந்தால், எல்லை கடந்த சாதனத்தைத் திரும்ப அலுவலக வலைப்பின்னலில் இணைப்பதில்லை என்ற முடிவோடு போங்கள்.

மறுக்கலாமா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். அமெரிக்கக் குடிமகன் மறுத்தால் சாதனத்தைப் பிடித்து வைப்பார்களே தவிர, அவரை நாட்டுக்குள் விடாமல் இருக்க முடியாது. நீங்கள் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிப் போகிறவர். நீங்கள் மறுத்தால் சாதனமும் போகலாம், அடுத்த விமானத்தில் நீங்களும் திருப்பி அனுப்பப்படலாம், அடுத்த விசா விண்ணப்பத்தில் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். உரிமையை நிலைநாட்டுவதற்கான இடம் ஹூஸ்டனின் இரண்டாம் கட்டச் சோதனை அறை அல்ல என்பது என் கருத்து. கேட்டால் திறந்து கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, திறந்தால் அங்கே வேலைக்குத் தேவையானது மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

அதற்கு முதல் படி, எல்லா ஆண்டுகளின் எல்லா வாடிக்கையாளர்களின் அறிக்கைகளும் இருக்கும் அந்த வெளி வட்டை டர்பனிலேயே பூட்டி வைப்பது. ஹூஸ்டனில் பேசப்போகும் வேலைக்கு வேண்டிய கோப்புகள் பத்தோ இருபதோ இருக்கும். அவற்றை நிறுவனத்தின் கிளவுடில் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு, போய் இறங்கிய பிறகு இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு மடிக்கணினிகளுக்குப் பதிலாக, புதிதாக நிறுவப்பட்ட ஒரே மடிக்கணினி, இரவல் கணினி என்றாலும் சரி. அது எல்லைக்கும் நல்லது, இந்தியச் சுங்கத்துக்கும் நல்லது. அதே சமயம் ஒன்றுமே இல்லாமல் துடைத்து வைத்த கைப்பேசியும் கேள்வியைக் கிளப்பும். குடும்பப் படங்கள் சில, வழக்கமான செயலிகள், பயணச்சீட்டு, ஹோட்டல் முன்பதிவு, அழைப்புக் கடிதம் இவை இருக்கட்டும். வேலைத்தளத்தில் எடுத்த படங்களைத்தான் கட்டாயம் அகற்ற வேண்டும். எண்ணெய்க் கிடங்கின் வால்வுகளும் துறைமுகக் குழாய்களும் நூற்றுக்கணக்கில் இருக்கும் கேலரியை, உங்கள் தொழில் தெரியாத ஓர் அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துப் பாருங்கள். நீக்கிய படங்கள் "அண்மையில் நீக்கப்பட்டவை" பகுதியில் ஒரு மாதம் கிடக்கும், அதையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் தானாக இறங்கிய காணொளிகளுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஊர்க் கோயில் குழுவில் யாரோ அனுப்பிய அரசியல் படமும் அதில் சேரும்.

எல்லையை நெருங்கும் முன் சாதனங்களை முழுவதுமாக அணைத்துவிடுங்கள், மூடியை மட்டும் மூடித் தூங்க வைப்பது போதாது. அணைத்து மறுபடி இயக்கிய கைப்பேசியில் பின் எண்ணை ஒரு முறை அடிக்கும் வரை குறியாக்கத்தின் சாவிகள் நினைவகத்துக்கு வருவதில்லை, முகமோ விரலோ அதைத் திறக்காது. மடிக்கணினியில் வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து பூட்டும் வசதி, மேக் என்றால் ஃபைல்வால்ட், விண்டோஸ் என்றால் பிட்லாக்கர். பிட்லாக்கரில் தொடக்கத்திலேயே பின் கேட்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கணினி தானாகவே திறவுகோலைப் பெற்றுக்கொண்டு உள்நுழைவுத் திரை வரை வந்துவிடும். இவையெல்லாம் அதிகாரியை ஏமாற்றுவதற்கல்ல. திருட்டுப்போனாலோ, டாக்சியில் மறந்து விட்டாலோ காப்பாற்றுவதும் இவைதான், நடைமுறையில் அதுவே அதிகம் நடக்கிறது.

கைப்பேசி உங்களிடம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள். நம் வங்கிகள் பணப் பரிமாற்றத்துக்கான ஒப்புதலைக் கைப்பேசிச் செயலியிலேயே கேட்கின்றன, அலுவலக மின்னஞ்சலும் இரண்டாவது சரிபார்ப்பை அதில்தான் கேட்கும். கைப்பேசி ஐந்து நாள் பிடித்து வைக்கப்பட்டால் ஹோட்டல் கட்டணம் கட்டக்கூட வழியில்லாமல் நிற்பீர்கள். கைப்பேசி இல்லாமலும் உள்நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு டர்பன் அலுவலகத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவருடைய எண்ணைத் தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் சேமித்த எண் அப்போது உதவாது.

வாடிக்கையாளரின் கோப்புகளுக்கு யார் பொறுப்பு என்றால், நீங்கள்தான். 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா, தகவலை வைத்திருப்பவர் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. தகவல் நாட்டுக்கு வெளியே மாற்றப்படுவதற்கு அதன் 72-ஆம் பிரிவு தனி நிபந்தனைகள் விதிக்கிறது. அனுமதியற்ற ஒருவர் கைக்குத் தகவல் போய்விட்டதாகக் கருத நியாயமான காரணம் இருந்தால், தகவல் ஒழுங்காற்றுநருக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. அபராதம் 1 கோடி ரேண்ட் வரை போகலாம். குழாய்த் தடிமன் எண்கள் தனிப்பட்ட தகவல் அல்ல என்று வாதிடலாம். ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பணியாளர்களின் பெயர், அடையாள எண், மருத்துவத் தகுதிச் சான்று எல்லாம் இணைத்திருப்பது நம் வழக்கம். அதோடு, வாடிக்கையாளரோடு நீங்கள் கையெழுத்திட்ட இரகசியக் காப்பு ஒப்பந்தம் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். அரசு அதிகாரி கேட்டால் காட்ட நேரிடலாம் என்பதற்கு அதில் விலக்கு இருக்கிறதா என்று பயணத்துக்கு முன் படித்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வரி மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேசையில் நிற்கும்போது கேட்டதற்கு மட்டும் பதில், பொய் ஒன்றுகூடக் கூடாது. கூட்டத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கைப்பேசியில் "அங்கே போய் மூன்று வாரம் டெஸ்டிங் வேலை செய்துகொடு" என்ற செய்தி இருந்தால், விவகாரம் சாதனத்தைத் தாண்டி விசாவுக்குப் போய்விடும். கையால் வேலை செய்வதாக இருந்தால் அதற்குரிய விசா எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சோதனை தொடங்கிவிட்ட பிறகு கோப்புகளை அழிக்கவோ, டர்பனிலிருந்து யாரையாவது தொலைவழியாகத் துடைக்கச் சொல்லவோ கூடாது. சாதாரண விசாரணையைக் குற்ற வழக்காக மாற்றுவது அதுதான். பார்ப்பது வாடிக்கையாளரின் வணிக இரகசியம் அல்லது வழக்கறிஞருடன் நடந்த கடிதப் போக்குவரத்து என்றால், அதை அமைதியாக வாய்விட்டுச் சொல்லுங்கள். அமெரிக்க ஆணையில் வழக்கறிஞர் கடிதங்களுக்கு என்று தனி நடைமுறை இருக்கிறது, ஆனால் அது தொடங்க நீங்கள் சொல்ல வேண்டும்.

சாதனத்தை எடுத்துக்கொண்டால் ரசீது கேளுங்கள். அமெரிக்காவில் அதற்கான படிவத்தின் எண் 6051டி. அதிகாரியின் பெயர் அல்லது வில்லை எண், நேரம், கடவுச்சொல்லை நீங்களே அடித்தீர்களா சொல்லிக் கொடுத்தீர்களா என்பதை வெளியே வந்ததும் தாளில் எழுதுங்கள். நினைவு மங்கிவிடும், பிறகு ஒழுங்காற்றுநருக்கோ வாடிக்கையாளருக்கோ எழுதும்போது இந்த விவரங்கள்தான் தேவைப்படும். வேறொரு சாதனத்திலிருந்து அன்றே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிவிடுங்கள். பிடித்து வைத்த மடிக்கணினி திரும்பக் கைக்கு வந்தால், அதை அலுவலக வலைப்பின்னலில் செருகாமல், உங்கள் கணினிப் பராமரிப்பாளரிடம் கொடுத்து முழுவதும் அழித்து மறுபடி நிறுவச் சொல்லுங்கள். அந்தச் சாதனம் தபாலிலோ கூரியரிலோ பின்னால் வந்து சேர்வதாக இருந்தால், டர்பன் சுங்கத்தில் அது புதிய இறக்குமதி போல நிற்கும். அப்போது புறப்படும் முன் வாங்கிய பதிவும் அந்த 6051டி ரசீதும் இருந்தால்தான் வரியின்றி வெளியே எடுக்க முடியும்.